ஆணி இல்லாத சாளை

சிதைக்கு எடுத்த எருமுட்டைகள் ஊறிப்போயிருந்தன. கொழுந்தன் சென்னியப்பன் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டுக் காட்டினான். நடுவிலும் ஈரம். விறகும் அப்படித்தான். எட்டு நாளாக ஐப்பசி மழை விடவில்லை. புதுச்சத்திரம் வரை ஆள் போய்க் கேட்டு வெறுங்கையோடு வந்தாகிவிட்டது.

"காஞ்ச மரம்னா சாளையில இருக்கறதுதான், நங்கை. பிரிக்கட்டுங்களா?"

அண்ணன் மனைவி உண்ணாமலை கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நாமக்கல் டாக்டர் அவர் தலையில் போட்ட கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. களத்து மேட்டில் மரத்தால் போட்ட சாளைக் கொட்டகையில் விலகிய ஓடுகளைச் சரிசெய்ய ஏறிய தீர்த்தகிரி, கைமரம் புரண்டு விழுந்தார். மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து இன்று காலையில் போய்விட்டார்.

"ஆளக் கொண்ட மரம் ஊட்டோட இருக்கப்படாதுங்க" என்றான் சென்னியப்பன். அவள் தலையசைத்தாள். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனான்.

அந்தச் சாளைக்காக மூன்று வருடம் இருவரும் பேசியிருந்தார்கள். கடலைக்காயும் விதையும் வைக்க ஒரு பாதி. வண்டிச் சாமானும் ஏர்ச் சாமானும் செப்பனிட ஒரு பாதி. அவருக்குச் சிமிட்டிக் கட்டடம்தான் வேண்டும். எலி வளை பறிக்காது, கரையான் ஏறாது, நமக்குப் பிறகும் நிற்கும் என்பார். அவள் மரம் என்றாள். சிமிட்டிக்குள் கடலை வெந்து கசந்துபோகும் என்று காரணம் சொன்னாள்.

அது காரணமில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. பூமி அண்ணன் தம்பிக்குப் பொது. நாளைக்கு அவர் இல்லாமல் போனால் பிறந்த ஊருக்கு எதைக் கொண்டுபோவாள்? சிமிட்டிச் சுவர் கொழுந்தன் பூமியில் நின்றுவிடும். மரமென்றால் பிரித்து வண்டியில் ஏற்றலாம். அவள் அப்பன் தோட்டத்து வேம்பு வேறு அறுத்துக் கிடந்தது. புருஷன் சாவை முன்னால் வைத்து யோசிக்கிற புத்தியை அவளால் புருஷனிடமே எப்படிச் சொல்ல முடியும்?

உலகச் சண்டை நடந்த காலம். சிமிட்டிக்குப் பெர்மிட் வேண்டும். சேலத்துக்கு நாலு நடை நடந்து பன்னிரண்டு மூட்டை வாங்கி வந்து, களத்தோரம் அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைத்தார். போன ஐப்பசியில் அவர் ராசிபுரம் போயிருந்த ஒரு மத்தியானம் மேகம் கறுத்தது. உண்ணாமலை களத்துக்குப் போய்த் தார்ப்பாயை உருவினாள். பிறகு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். மழைச் சத்தம் அங்கேயும் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாளில் மூட்டைகள் கல்லாகிவிட்டன. அவர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். களத்தில் காய்ந்த கடலையை மூடுவதற்குத் தார்ப்பாயை எடுத்ததாக அவள் சொன்னாள்.

"கடல நனையலயே?"

"நனையலீங்க."

"அது போதும் அம்மிணி. சாளைய மரத்துலயே போட்டுக்கலாம்."

அவ்வளவுதான். கல்லான மூட்டைகளை மூலைத் தூண்களுக்கு அடியில் வைத்தார். மிச்சத்தில் இரண்டை வாசற்படியாகப் போட்டார். அதில் ஒன்றின் மேல்தான் அவர் தலை பட்டது.

நாத்தனார் ஆராயி சுவரோரம் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "மரம் மரம்னு நின்னா. மரம் அவனையே வாங்கிக்கிச்சு. சிமிட்டியா இருந்தா எந்தம்பி ஓட்டு மேல ஏறுவானா?"

"சிமிட்டி மழையில போச்சுங்க. கடலைய மூடறதா, அத மூடறதா?"

ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு உண்ணாமலை வாயில் வழவழப்பாகிவிட்டிருந்தது. பந்தல்கால் எடுக்க வந்த பண்ணையாள் பொன்னன் வாசலில் ஒரு கணம் நின்றான். அவளைப் பார்க்காமல் போய்விட்டான்.

களத்திலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. "ஒரு ஆணியாச்சும் இருக்குதா பாரு. எல்லாமே ஆப்பு. அண்ணன் என்னத்துக்கு இப்பிடிக் கட்டுனாரு?"

அரை மணிக்குள் சாளை தரையில் கிடந்தது.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் கிணற்றுக்குப் போனார்கள். அவள் பின்வாசலுக்கு வந்தாள். தோளில் வேப்பஞ்சட்டத்தோடு வந்த பொன்னன் அவளைக் கண்டு நின்றான்.

"சாளை கட்டறப்ப அவரு ஒனக்கு ஆணி வாங்கித் தரலயா பொன்னா?"

"நாந்தானுங்க ஆத்தா ராசிபுரத்துல வாங்கியாந்தேன். பண்ணாடி வேண்டாம்னுட்டாருங்க. ஆப்பு வெச்சே கட்டு, நாளைக்குப் பிரிக்கறவங்களுக்குச் சுளுவா இருக்கோணும்னாரு."

அவர் விழுந்தபோது கைமரத்தில் நழுவியது ஒரு ஆப்புதான். டாக்டரிடம் சென்னியப்பன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"வேற என்ன சொன்னாரு?"

பொன்னன் சட்டத்தைத் தோள் மாற்றினான். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"சிமிட்டி நனஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் எங்கூட்டுக்கு வந்தாருங்க. கடல எப்ப ஊட்டுக்கு வந்துச்சுன்னு கேட்டாரு. மழைக்கு மின்னாடியே சொமந்து போட்டுட்டம்னு சொன்னனுங்க."

"அதுக்கு?"

"நாங் கேட்டத ஆத்தாகிட்டச் சொல்லிப்போடாதன்னாரு."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் வேப்பஞ்சட்டத்தோடு நடந்தான்.

தலைக்கட்டை அவிழ்த்துக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அவள் முறை வந்தபோது கை அவர் உதட்டருகே போய் நின்றுவிட்டது. ஆராயிதான் மணிக்கட்டைப் பிடித்து அரிசியை விழவைத்தாள். பறைச் சத்தம் இட்டேரி வண்டித்தடத்தில் இறங்கித் தேய்ந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. மற்றவர்கள் தலைமுழுகக் கிணற்றுக்குப் போனார்கள்.

தூறல் மறுபடியும் பிடித்தது. உண்ணாமலை களத்துக்குப் போனாள். சாளை இருந்த இடத்தில் மூலைக்கொன்றாக நான்கு கல் மூட்டைகளும், வாசற்படியாகக் கிடந்த இரண்டும் மட்டும் இருந்தன. சாக்கு என்றோ மக்கி உதிர்ந்திருந்தது. அதன் நெசவு மட்டும் கல்லில் இழை இழையாகப் பதிந்திருந்தது. பிரித்தவர்கள் உள்ளே இருந்த உளியையும் இழைப்புளியையும் தார்ப்பாயையும் ஓரமாக வீசியிருந்தார்கள்.

அவள் தார்ப்பாயை எடுத்து உதறினாள். வாசற்படிக் கற்களின் மேல் விரித்தாள். காற்றில் தூக்காமல் இருக்க நான்கு முனையிலும் உடைந்த ஓடுகளை வைத்தாள். ஒரு முனை மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தது. அதன் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள்.