சுவருக்கு அந்தப் பக்கம்

ஜன்னலோரம் கிடந்த குழந்தைக் கட்டிலின் பக்கச் சட்டம் அடியில் கழன்றபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் குழந்தை கால்வழியாக வழுக்கி அக்குள்வரை இறங்கிவிட்டது. ஓடிப்போய் ஒரு கையால் அதைத் தாங்கினாள். மறு கையால் சட்டத்தை வெளியே தள்ளிப் பிடித்தாள். அவ்வளவுதான் முடிந்தது. தூக்கினால் குழந்தையின் முகம் சட்டத்தில் அழுந்தியது. விட்டால் கழுத்து இறங்கியது. போன் அடுப்படியில். கதவு உள்தாழ்ப்பாள். கணவன் வரச் சாயங்காலமாகும்.

புதுக் கட்டில்தான். பூட்டும்போதே ஒரு திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "பாப்பா என்ன யானைக்குட்டியாம்மா? போகப்போக இறுகிடும்" என்று சிரித்தார். இவளும் கூடச் சிரித்தாள்.

கத்தினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மிஷின் சத்தம் குரலை விழுங்கியது. அந்த மிஷினால்தான் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் இவள் சுவரைத் தட்டுவாள். மிஷின் முறைப்பாக நிற்கும். அது ஒன்றுதான் இருவருக்கும் மிச்சமிருந்த பேச்சு.

கை மரத்துக்கொண்டு வந்தது. காலை நீட்டிச் சுவரை உதைத்தாள். மிஷின் நின்றது. கூப்பிட வாயெடுத்தாள்; காற்றுதான் வந்தது. மறுபடி உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜன்னலில் தையல்காரம்மாவின் முகம் வந்தது. "நிறுத்திட்டேன்ல! இன்னும் என்னடி? நான் மூச்சும் விடக்கூடாதா?"

அதற்குள் குழந்தையைப் பார்த்துவிட்டாள். வளையல்களை உருவிப் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் கையைத் திணித்துச் சட்டத்தைப் பற்றினாள். முழங்கை சிராய்ந்தது.

"நான் இழுக்கறேன். நீ ரெண்டு கையாலயும் புள்ளையத் தூக்கு. சாமி... சாமி..."

குழந்தை மேலே வந்து, வீறிட்டது.

கடவுள் வரும் வழியை அவள் எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறாள். இவ்வளவு கோபமாக வருவார் என்று நினைத்ததில்லை.

"அக்கா, விட்டுடுங்க. எடுத்துட்டேன்."

"தெரியுது. விரல் விட மாட்டேங்குதுடி."

சாயங்காலம் கணவன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். "வாசல்ல வெச்சா யாராவது எடுத்துட்டுப் போவாங்க."

"எடுத்துட்டுப் போயி? அதுல யாரு புள்ளையப் போட?"

அவன் சுத்தியலை எடுத்துவந்து சட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்தான். உடைத்து முடித்ததும் கடைக்காரருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தரையில் பாய்மேல் குழந்தை தூங்கியது. அந்தப் பக்கம் மிஷின் ஓடவே இல்லை. தைக்கவேண்டிய துணி மேசையில் குவிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுவரருகே போய், விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டிவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் பதித்துக் காத்திருந்தாள்.

சுவர் லேசாக அதிரத் தொடங்கியது.