நாற்பத்தோராவது மீட்டர்

திரைச்சீலைத் துணி விற்பவனுக்கு மீட்டர் என்ன புதிதா? தெமிர்குல் முப்பது வருடமாகப் பிஷ்கெக் நகரச் சந்தையில் அளவுகோலோடு நிற்பவன். துணியை லேசாக இழுத்துப் பிடித்தால் நாற்பது நாற்பத்தொன்றாகக் காட்டும். வாங்கியவள் வீடு போய்ச் சேர்வதற்குள் துணி தன் நிஜ அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதெல்லாம் தொழில். ஆனால் நாற்பதை எண்பதாக இழுத்தது அவன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான்.

அது போன ஜூலையில், இஸ்ஸிக்குல் ஏரிக்கரையில், அவன் பிறந்த ஊரில். மகன் எலாமானுக்குப் பத்தொன்பது வயது. மரப்பலகைப் படகுத்துறையிலிருந்து எண்பது மீட்டரில் ஒரு சிவப்பு மிதவை. அதுவரை போனவன் அங்கிருந்து கையைத் தூக்கினான், கத்தினான். தெமிர்குல் சட்டையோடு குதித்தான். வாலிபத்தில் குடியரசு அணிக்காக நீந்தியவன். அந்த நெஞ்சில் இப்போது சிகரெட்டும் ஆட்டுக்கொழுப்பும் குடித்தனம் நடத்தின. பாதி வழியில் மூச்சு அறுந்தது. திரும்பிவிட்டான். கரையில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மிதவை வரைக்கும் போய்ட்டேன். அவன் இல்ல. வெறும் தண்ணிதான்."

மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. தெமிர்குலின் மனைவி ஜிர்கால், துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அதில் அவன் பொய்யும் ஒரு வரியாக ஏறியிருந்தது. 'உன் அப்பன் வந்தானடா அந்த இடத்துக்கு, தண்ணியத்தான் கட்டிப் பிடிச்சானடா.' வெளியே வழக்கப்படி கோலூன்றி அழுதுகொண்டிருந்த ஆண்கள் அவன் தோளைத் தொட்டார்கள். அவன் அழுகையை நிறுத்திவிட்டான்.

நாற்பதாம் நாளும் அதே வரி. இனி வருட நினைவு விருந்தில் கடைசியாக ஒருமுறை. அன்றைக்குத் தாய் கறுப்பு உடையைக் களைந்துவிடுவாள். பிறகு அந்த ஒப்பாரியை யாரும் எடுக்க மாட்டார்கள். அன்று பாடியது சாட்சியாக நின்றுவிடும். உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வியாபாரி மூளை வேறு வழி கண்டுபிடித்தது: சொன்ன சரக்கைத் தாமதமாகவாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது. விருந்துக்கு முன்னால் அந்த மிதவையைத் தொட்டுவிட்டால் வரி பொய்யாகாது.

பிப்ரவரியில் நகரத்து நீச்சல் குளத்துக்குப் போனான். அங்கே பயிற்சி கொடுப்பவள் சினைடா, பழைய அணித் தோழி. நோட்டை விரித்து வைத்திருந்தாள்.

"இலக்கு என்ன? தொப்பையா, முதுகு வலியா?"

"எம்பது மீட்டர். போறதுக்கு மட்டும்."

"திரும்பி யாரு வருவா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அந்தச் சரக்கு இங்க கிடையாது தெமிர்குல். போக வர சேத்துத்தான். நூத்தறுபது."

"நூத்தியிருபது வச்சுக்க."

"தண்ணிகிட்டப் பேரமா? எழுதிட்டேன். முதல் மாசம் இருபத்தஞ்சு, நிக்காம. மீதிய நான் பாத்துக்கறேன்."

முதல் நாள் பன்னிரண்டு மீட்டரில் தண்ணீர் குடித்தான். பக்கத்து வரிசையில் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி அவனைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்தாள், தலைமுடி நனையாமல். மார்ச் முடிவில் இருபத்தைந்து வந்தது. ஏப்ரலில் நாற்பது. அங்கேயே நின்றது.

சினைடா குளத்தின் விளிம்பில் குந்தினாள். "சுவர் அம்பதுல இருக்கு. நீ நாப்பதுல நிக்கிற. பதினோரு தடவை எண்ணிட்டேன். உனக்கு மூச்சும் வாங்கல. அங்க யாரு வழி மறிக்கிறா?"

ஏரியில் பாதியில் திரும்பியதைக் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே சொன்னான். இத்தனை மாதத்தில் முதல் முறை. அவள் பேனாவை எடுத்தாள். நோட்டில் நூற்றறுபதை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

"கேவலமா இருக்கு சினா."

"இருக்கும். உனக்கு அதுதான் இப்பக் கட்டுப்படியாகும்."

அந்த ஒரு மீட்டருக்குப் பத்தொன்பது நாள் ஆனது. தாண்டிய அன்று ஒன்றுமே நடக்கவில்லை. கை தன்பாட்டுக்குப் போனது. ஐம்பது, நூறு, நூற்றறுபது. சுவரைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துக்கொண்டான். அதே தொப்பை. சிகரெட்டையும் விட்டபாடில்லை. அன்று ஏரியில் அறுந்தது மூச்சுதானா? இந்தக் கேள்வி வரும் என்று அவன் போட்ட திட்டத்தில் எங்குமே இல்லை.

விருந்துக்கு முந்தின காலை, ஊரில் குதிரையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தெமிர்குல் துறையிலிருந்து இறங்கினான். ஏரி எலும்பைக் கடித்தது. நாற்பதில் கண்ணை மூடிக்கொண்டு கடந்தான். மிதவை பாசியேறி வழுக்கியது. அதைக் கட்டிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கிடந்தான். திரும்பிப் பார்த்தபோது துறையில் கறுப்பு உடையில் ஜிர்கால் நின்றிருந்தாள்.

கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. முன்பெல்லாம் 'எலாமானோட அப்பா' என்று கூப்பிடுவாள். மகன் போன பிறகு அவனைக் கூப்பிட அவளிடம் பெயரே இல்லாமல் போயிற்று.

"எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" என்றாள், அவன் ஏறியதும்.

"தெரியல."

"போய்ட்டு வர அஞ்சு நிமிஷம். அன்னைக்கு நான் மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். அவன் கத்துனதக் கேட்டு ஓடியாந்தேன். வீட்டுலேருந்து இங்க ரெண்டு நிமிஷம். நான் வந்தப்ப நீங்க கரையில நின்னுட்டிருந்தீங்க." கையை விரித்துப் பார்த்தாள். "கையில மாவு காயக்கூட இல்ல. ஒரு வருஷமா இந்தக் கணக்கு எனக்கு உதைச்சுட்டே இருந்துச்சு."

"பாதியில திரும்பிட்டேன்."

"இப்ப மட்டும் எப்படி முடிஞ்சுது?"

அவன் தலையைச் சாய்த்துக் காதிலிருந்த தண்ணீரைத் தட்டினான். அவள் துண்டைத் துறைப் பலகைமேல் வைத்தாள். "துவட்டிக்கங்க. வர்றவங்க முன்னாடி ஈரத்தோட நிக்க வேணாம்."

மறுநாள் இருநூறு பேர். ஆண்கள் வெளியே கோலூன்றி நின்றார்கள். உள்ளே ஜிர்காலின் குரல் எழுந்தது: பிறந்தது, நடந்தது, முதல் குதிரை. தெமிர்குல் அந்த வரிக்காகக் காத்திருந்தான். அது வந்தது.

"உன் அப்பன் வந்தானடா அந்த இடத்துக்கு..."

ஒரு மூச்சு இடைவெளி.

"ஒரு வருஷம் கழிச்சு வந்தானடா."

பக்கத்தில் நின்ற அண்ணன் அசான்குல் மூக்கைச் சிந்தினார். "என்னமாப் பாடுறா பாருடா. வருஷ விருந்துக்கு நீ ஊருக்கு வந்ததச் சொல்றா, பாவம்."

"ஆமாண்ணே," என்றான்.

பெண்கள் அவளுடைய கறுப்பைக் களைந்து வெள்ளை முக்காடு கட்டிவிட்டார்கள். அவள் வெளியே வந்து தேநீர் ஊற்றினாள். எல்லாருக்கும் பாதிக் கிண்ணம், இன்னும் இருங்கள் என்று சொல்லும் அளவு. தெமிர்குலின் முறை வந்தபோது விளிம்பு தட்டும்வரை ஊற்றினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்லும் அளவு அது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

சொட்டுச் சிந்தாமல் குடித்தான்.