இறங்க மறுத்த கூரை

கூரை இறங்க மறுத்தது.

ஜீப்புக்குள் நின்றபடி அவள் இடது கையால் கூரையிலிருந்து தொங்கும் பட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் இறங்கியது. பிடியை மாற்றுவதற்குள் 'புஸ்' என்று பழையபடி மேலே போய் நின்றது.

வேடிக்கை பார்த்தவர்கள் இருவர். இந்தக் கூரையைச் செய்த வெல்டிங் பட்டறைக்காரன், அவள் கணவன். அதற்குக் கான்வாஸ் தைத்தவன், அவள் தம்பி.

மலைக்காட்டில் ஆங்காங்கே வைத்திருக்கும் மழைமானிகளைச் சுற்றிப் பார்த்து வருவது அவள் உத்தியோகம்; இரவில் காட்டிலேயே தங்க வேண்டும். போன மழையில் பாறையில் சறுக்கி விழுந்து வலது தோள் உடைந்தது. அதன்பின் அந்தக் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. கூடாரம் அடிக்க இரண்டு கை வேண்டுமே! "தனியா சமாளிப்பீங்கன்னு காட்டுங்க, அனுப்பறேன். இல்லேன்னா ஆபீஸ்ல உக்காருங்க" என்றுவிட்டார் மேலதிகாரி. நாளைக் காலை நேரில் பார்க்க வருகிறார்.

அதற்காகத்தான் இந்தக் கூரை. முன்பக்கம் கீல். பின்பக்கம் முதலை வாய் மாதிரி திறக்கும்; சுற்றிலும் கான்வாஸ் சுவர். உள்ளே ஒரு ஆள் படுக்கலாம்.

"என்னங்க, எத்தனை கேஸ் ஷாக் போட்டீங்க?"

கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்தச் சமாசாரம். கணவன் தலையைச் சொறிந்தான்.

"நாலு."

"ரெண்டுதானே பேச்சு?"

"தூக்கறப்ப உனக்கு வலிக்கக் கூடாதேன்னு..."

"மாமா பாசத்தைச் சேர்த்து வெல்டு வச்சிட்டார்க்கா. தாழ்ப்பாளைத் தொட்டாலே ராக்கெட்டு!" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. மூடிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. சுலபமா மூடுச்சு."

"எந்தக் கையால?"

கணவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு மெதுவாக, "நான் கூட வந்துடறேன். நான் மூடறேன்" என்றான்.

"அப்ப வேலையும் நீங்களே பாத்துக்குங்க."

அவள் கேஸ் ஷாக்குகளைக் கைகாட்டினாள்.

"ரெண்டைக் கழட்டுங்க."

"அப்புறம் தூக்கக் கை வேணுமே!"

"கையை யார் கேட்டா?"

கழற்றி மூடினார்கள். அவள் படுக்கைப் பலகையில் குந்தி உட்கார்ந்து, முதுகைக் கூரைக்குக் கொடுத்தாள். முழங்கால்கள் நிமிர்ந்தன. கூடவே கூரையும் எழுந்தது.

இறக்கும்போது பாதிவரை இடது கை போதுமாயிருந்தது. மிச்சத்துக்குக் கான்வாஸ் மடியாமல் முரண்டு பிடித்தது.

"டேய், பட்டை நுனியில ஒரு வளையம் தை. கால் நுழையற மாதிரி."

தம்பி ஊசியை எடுத்தான்.

காலையில் மேலதிகாரி வந்தார். கணவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வீட்டு உத்தரவு.

கூரை எழுந்தது. இறங்கியது. கடைசியில் அடம் பிடித்தது. கணவனின் கை தானாக முன்னால் வந்தது. தம்பி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் வளையத்தில் காலை நுழைத்து, உடம்பு பாரத்தை மொத்தமாக இறக்கினாள்.

'சடக்.' தாழ்ப்பாள் விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார் அதிகாரி.

இன்னொரு தடவையும் 'சடக்.'

"எப்ப கிளம்பறீங்க?" என்றவர், கூரையைத் தட்டிப் பார்த்தார். "நல்லாருக்கே. யார் டிசைன்?"

"இவர்தான் சார்" என்றாள் அவள், கணவனைக் காட்டி.

"ஆமா சார். பாதியைக் கழட்டின பிறகு" என்றான் தம்பி.