செவிடான திசை

துறைமுகத்தில் அவளுக்கு ஆன்டெனாக்காரி என்றே பெயர். ரேடாரில் வரிசையாக நிற்கும் முப்பத்திரண்டு சிறு ஆன்டெனாக்கள் எந்தத் திசையைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று கணக்குப் போடுவது அவள் வேலை. கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒரு செல்போன் கோபுரம். அது திரை முழுக்க இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் மல்லுக்கட்டி, அந்தத் திசைக்கு மட்டும் ரேடாரைச் செவிடாக்கிவிட்டாள். அவள் வரைந்த படத்தைப் பார்த்துக் கேபிள்காரர் நேற்றுதான் ஆன்டெனாக்களுக்குக் கேபிள்களை மாட்டினார்.

இன்று காலை வெளியே ஒரே பனிமூட்டம். திரையோ துடைத்து வைத்த தட்டு.

"அசத்திட்டீங்க மேடம்! ஒரு பொட்டு இரைச்சல் இல்ல" என்றார் கட்டுப்பாட்டு அதிகாரி. வலப்பக்கக் கால்வாய் காலி என்று திரை சொன்னதை நம்பி, சரக்குக் கப்பலை உள்ளே வரச் சொல்லியிருந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் பெருமைப்பட்டால் குடியா முழுகிவிடும்?

கைபேசி அடித்தது. மீன்பிடிப் படகு ஓட்டும் தம்பி.

"அக்கா, வலை சிக்கிக்கிச்சு. வர லேட்டாகும்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"எங்கடா இருக்கே?"

"கால்வாய் வாயிலதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் அங்கே ஒன்றுமே இல்லை.

"சார், அந்தக் கோபுரம்..."

"அதை நேத்தே அணைச்சுட்டாங்களே. ரிப்பேராம்."

அப்படியானால் இரைச்சல் அடங்கியது இவள் கைவண்ணம் இல்லை! மூலையில் நின்ற கேபிள்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, ஒண்ணாம் நம்பர் கேபிளை எந்தப் பக்கம் மாட்டினீங்க?"

"படத்துல இருக்கிற மாதிரி இடது கோடியிலதான். ஆன்டெனாவுக்குப் பின்னாடி நின்னுதானே மேடம் மாட்ட முடியும்?"

அவள் வரைந்தது கடல் பக்கமிருந்து பார்த்த படம். அதை ஒரு வரி எழுதி வைக்க இந்தக் கெட்டிக்காரிக்குத் தோன்றவில்லை. இடம் வலமாகி, செவிடு கால்வாயின் மேல் விழுந்திருந்தது.

"கப்பலை நிறுத்துங்க சார்! அங்க என் தம்பி இருக்கான்!"

அதிகாரி மைக்கைப் பிடுங்கிக் கத்தினார். அவள் தன் மூன்று மாதக் கணக்கை நீக்கினாள்.

திரையில் ஒரு புள்ளி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலு, ஆறு. ஒன்பதில் வந்து நின்றது. கப்பலின் பெரிய புள்ளி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, அவற்றை ஒட்டினாற்போல் நின்றது. தம்பி கைபேசியில் அழுதுகொண்டிருந்தான்.

"இத்தனை படகும் திடீர்னு எங்கேர்ந்து வந்துச்சு?" அதிகாரி திரையருகே குனிந்து புள்ளிகளை எண்ணினார்.

"வரல சார். காலையிலேர்ந்து அங்கதான் இருந்தாங்க. நான்தான் அழிச்சு வெச்சிருந்தேன்."