நாற்பத்தொரு வினாடி

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை. மாலை வகுப்பில் கொடுத்த கட்டுரை. 'தொழில்மயமாதல் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்படுத்தும் விளைவுகள்', நான்கு பக்கம், ஓரம் விட்டு எழுதவும். ஓரம் விட்டேன். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

'தொழிற்சாலைகள் பெருகியதால் மனிதர்களின் வாழ்க்கை மிகவும்' என்று தொடங்கினேன். மிகவும் என்ன என்று தெரியவில்லை. அப்படியே நிற்கிறது.

உதாரணம் இல்லாவிட்டால் எங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் 'எங்கே?' என்று கேட்பார். உதாரணம் அப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் அண்ணி.

(அண்ணியை உதாரணமாக்குவது மரியாதையா என்று டைரியில் ஒரு பக்கம் யோசித்தேன். முடிவு: மரியாதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.)

2

அண்ணி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். அவளையும் சேர்த்து ஒரு வரிசையில் பதினெட்டுப் பெண்கள். அண்ணனுக்கு அதே தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இவள் உள்ளே போகும்போது அவன் வெளியே வருவான். வாசலில் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். மிச்சக் குடித்தனம் என் வழியாக நடக்கிறது.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது."

"உங்கண்ணிகிட்ட சொல்லு, தெரியும்னு."

சம்பளமில்லாத தபால்காரி நான்.

(இந்த இடத்தில் கட்டுரைக்கு ஒரு வரி தேறியது: 'குடும்ப உறவுகளில் மாற்றம் ஏற்பட்டது.' கதைக்கு இது போதாது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.)

3

போன மாதம் தொழிற்சாலைக்கு ஒரு அதிகாரி வந்தார். வரிசையில் அவருக்கு வைத்த பெயர் வினாடி சார். யாராவது ஒருத்தியைப் பத்துக் காலர் தைக்கச் சொல்லி, கடிகாரம் வைத்துப் பார்ப்பார். ஒரு காலருக்கு எத்தனை வினாடி என்று வருகிறதோ, அதுதான் எல்லோருக்கும் சட்டம். அவர் அண்ணியைக் கைகாட்டினார்.

கடிகாரத்தை அழுத்தி, படிவத்தில் எழுத ஒரு எழுத்தர் வேண்டும். அது நான். (இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூச்சமாக இருந்தது.) எனக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள்.

அந்தக் காலையை இரண்டு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'அன்று அண்ணியின் மெஷின் ஏனோ வழக்கத்தைவிடப் பளபளத்தது.' பொய். எண்ணெய்ப் பிசுக்கோடுதான் இருந்தது.

'10.20: முதல் காலர். 10.27-க்குள் பத்தாவது.' உண்மை. பஸ் அட்டவணை மாதிரி இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.

சாதாரணமாக ஒரு காலருக்கு ஒரு நிமிடம் ஆகும். நடுவில் நூல் அறும், முதுகை நிமிர்த்த வேண்டும், பக்கத்து மெஷின் கண்ணாடியக்காவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அன்று எதுவும் நடக்கவில்லை. வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வினாடி. "பிரமாதம்" என்றார் வினாடி சார். மறுநாள் காலையிலிருந்து பதினெட்டுப் பேருக்கும் நாற்பத்தொன்று.

எண் பொய்யில்லை. அதுதான் சிக்கல். பொய்யாக இருந்தால் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஏழு நிமிடத்து உண்மையை எடுத்து எட்டு மணி நேரத்துக்கு நீட்டிவிட்டோம்.

4

அண்ணி ஏன் அப்படித் தைத்தாள்? என் ஊகம்: பெருமை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவள் கைக்கு இறக்கை முளைத்துவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வெங்காயம் நறுக்கும் சத்தமே வேறு. கதாநாயகிக்கு ஒரு குறை இருந்தால் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று வகுப்பிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததற்கு ஊகம் தேவையில்லை. கண்ணாடியக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் நான்கு காலர் பாக்கி விழும். இன்னொருத்தி நகத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் பதினேழு பேர் பெஞ்சின் ஒரு முனையில். அண்ணி மறுமுனையில்.

"தள்ளி உக்காருங்கடி," என்றாளாம் ஒருத்தி. "இந்தம்மா சாப்பாட்டையும் நாப்பத்தோரு வினாடில முடிச்சாகணும்!"

இதை அண்ணி சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். "நல்லாத்தான் சொன்னா, இல்ல?" டப்பாவைக் கழுவ எடுத்தேன். கொண்டுபோன சாப்பாடு கொண்டுபோனபடியே இருந்தது.

வரிசை முறையிட்டது. சரி, திங்கட்கிழமை மறுபடி பார்க்கலாம் என்றார் வினாடி சார். அதே பெண், அதே கடிகாரம், அதே எழுத்தர். எண் ரொம்ப மாறினால் முதலில் எழுதியது தப்பு. தப்பாக எழுதுகிறவளுக்கு நாற்காலி எதற்கு? இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

5

இன்று ஞாயிறு. இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். வரிக்கு அடியில் விரல் ஓட்டிப் படித்தாள்.

"ஏன்டி, வெங்காயத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கே. நான் என்ன அவ்வளவு பீத்தக்காரியா?"

"கதைக்காக, அண்ணி."

"கதைக்காகன்னா என் தலைல மொளகா அரைப்பியா?"

"அப்ப ஏன் அவ்வளவு வேகமா தைச்சீங்க?"

ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "அன்னிக்கு உன் கையைப் பாத்தியா நீ? கடிகாரத்தோட சேந்து நடுங்கிச்சு. அந்த ஆளு வேற உன் தோளுக்குப் பின்னாடி நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தான். நடுவுல நூல் அறுந்தா, நான் முதுகைப் புடிச்சா, அதைச் சேக்கணுமா கழிக்கணுமான்னு திருதிருன்னு முழிப்பே. திட்டு வாங்குவே. சரி, புள்ளைக்கு மொத நாளு, கணக்கு சுலபமா இருக்கட்டும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் தைச்சேன்."

நான்காம் பகுதி இருந்த தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன், தூங்க வேணாமா மனுஷன்?" என்றது பக்கத்து அறை.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, எந்திரிச்சு குழாயைப் பாக்கச் சொல்லி."

(நான்காம் பகுதியின் ஊகத்தை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் தப்பாக எழுதிய இன்னொன்று இன்னும் சட்டமாக இருக்கிறது. இதுவும் கூடவே இருக்கட்டும்.)

6

முடிவுகள். நான் முறையாகச் செய்கிறவள், வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அ. அண்ணி தன் இயல்பில் தைக்கிறாள். ஒரு நிமிடம் வருகிறது. 'முதல் தாள் தப்பு' என்கிறேன். நாற்காலி போகிறது. வரிசையில் பத்தொன்பதாவது மெஷின் போட்டு என்னை உட்கார வைக்கிறார்கள். எனக்கு நேராக ஒரு கோடு போடவே வராது.

ஆ. அண்ணி என் நாற்காலிக்காக மறுபடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நாற்பத்தொன்று. கண்ணாடியக்கா தண்ணீர் குடிப்பதில்லை. இதை அண்ணிக்குப் படித்துக் காட்டி, "இதெல்லாம் செய்ய மாட்டீங்கதானே?" என்று கேட்டேன். அண்ணி துணியை மடித்துக்கொண்டேயிருந்தாள்.

இ. வினாடி சாருக்குக் காய்ச்சல். (ஆசிரியர் அடித்துவிடுவார். எனக்கும் ஆசைதான்.)

ஈ. படிவத்தில் எண்ணுக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு விரல் அகலம், அளந்து பார்த்தேன். 'போன தடவை அந்தப் பத்துக் காலரும் எனக்காகத் தைக்கப்பட்டவை' என்று எழுதினால்

7

மேலே உள்ள வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. கட்டத்துக்குள் அடங்குகிறதா என்பதல்ல பிரச்சினை. அடங்கிவிடுமோ என்பதுதான்.

"முடிவு எழுத வரலை, அண்ணி."

"அதான் ஓரம் விட்டு எழுதச் சொல்லியிருக்காங்களே. படிக்கிறவங்க எழுதட்டும்."

ஆகவே, படிவம் இதோ:

திங்கள், காலை 10.20.
காலர் ஒன்றுக்கு: ........ வினாடி.
குறிப்பு: ..............................

"பென்சில்ல எழுதச் சொல்லு," என்கிறாள் அண்ணி, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "பேனால எழுதிட்டா, அப்புறம் பதினெட்டுப் பேர் சேந்தாலும் அழிக்க முடியல."