ஒரு சொல் போதுமா?

அகராதி அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்று' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். யார் எழுதியதிலாவது ஒரு 'க்' அல்லது 'ப்' விடுபட்டிருந்தால், சிவப்புப் பேனாவோடு அவர் வந்து நிற்காமல் இருக்க மாட்டார். மூத்த ஆசிரியர். ஆள் நல்லவர்தான். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் உடும்புப் பிடி.

அவருக்கு எதிர் மேசையில் இருந்தவள் உதவி ஆசிரியை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இருவரும் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஓர் ஆங்கிலச் சொல்: டிஸ்கார்டன்ட்.

அந்தச் சொல்லுக்கு அவள் ஐந்து பொருள் எழுதியிருந்தாள். ஒற்று நான்கை அடித்துவிட்டு 'இசைவற்ற' என்பதை மட்டும் விட்டுவைத்தார்.

"ஏன் சார் அடிச்சீங்க?"

"ஒரு சொல்லு போதும் மேடம். அகராதி என்ன துணிக்கடையா, எல்லாத்தையும் விரிச்சுக் காட்ட?"

"துணிக்கடைக்காரனாவது நாலு காட்டுவான். நீங்க ஒரு துண்டைக் குடுத்து, சட்டையும் இதுதான் போர்வையும் இதுதான்னு சொல்றீங்க. இசைவுன்னா சம்மதம்னும் அர்த்தம் இருக்கு. இசைவற்ற குரல்னு எழுதினா, குரல் யார்கிட்டயோ அனுமதி கேட்டுக் கிடைக்கலைன்னு நினைச்சுக்குவாங்க."

பக்கத்து மேசைகளில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒற்றின் காது மடல் சிவந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு எது கேட்பதென்றாலும் துண்டுச் சீட்டுதான். 'ஜன்னலைச் சாத்தலாமா?' என்பதற்குக்கூடச் சீட்டு வந்தது. அவளும் 'சாத்தலாம்' என்று எழுதி அனுப்பினாள்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை அகராதியின் தலைமை ஆசிரியர் வந்தார். எலும்பும் தோலுமான அம்மாள், ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"ஒத்துப்போகாததுக்கு ஒரு சொல்லு கண்டுபிடிக்க உக்காந்து, நீங்க ரெண்டு பேருமே ஒத்துப்போகலை. நல்லாயிருக்கு! திங்கக்கிழமை இந்தப் பக்கம் அச்சுக்குப் போகணும். ஜனங்க வாயில என்ன வருதுன்னு கேட்டுட்டு வாங்க. எது புழங்குதோ அது இருக்கும்."

சனிக்கிழமை மாலை அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நூலக மாடிக்குப் போனாள். அங்கேதான் அவளுடைய அக்கா வாரந்தோறும் ஒரு பாட்டுக் குழுவை நடத்திவந்தாள். தபால்காரர், பல் மருத்துவர், பேக்கரிக்காரி என்று நாற்பது பேர். அபசுரத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், இரண்டாவது வரிசையில் தெரிந்த ஒரு தலை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒற்று! கையில் பாட்டுத் தாள், முகத்தில் பள்ளிப் பிள்ளையின் மலர்ச்சி. அவளைப் பார்த்ததும் தாளை உயர்த்தி மூக்குவரை மறைத்துக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது அடியிலேயே அக்கா கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! யாரோ சேரலை. மறுபடியும்."

மறுபடியும் பாடினார்கள். மறுபடியும் நிறுத்தினாள்.

"ரெண்டாவது வரிசைதான். நீங்க மட்டும் பாடுங்க."

அந்த வரிசையில் எட்டுப் பேர். எட்டுப் பேர் பாடியபோது, ஏழு பேர் ஒரு பக்கம் போக, ஒரு குரல் மட்டும் தன் போக்கில் இன்னொரு பக்கம் போனது. அது யாருடையது என்று உதவி ஆசிரியைக்கு உடனே புரிந்துவிட்டது.

"சரி, ஒவ்வொருத்தரா பாடுங்க" என்றாள் அக்கா.

தபால்காரர் பாடினார். பேக்கரிக்காரி பாடினாள். அடுத்து ஒற்று. அவர் தாளை மறுபடியும் மூக்குவரை உயர்த்திக்கொண்டார். பத்து நாள் கோபத்துக்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது. வேடிக்கை பார்த்தாலே போதும், திங்கட்கிழமை அலுவலகமே சிரிக்கும். ஆனால் தாளுக்குப் பின்னால் ஒளிந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, ஒரே நிமிஷம்! எனக்கு ஒரு உதவி வேணும். இப்போ ஒரு குரல் தனியா கேட்டுச்சே, அதை நீங்கள்லாம் என்னன்னு சொல்லுவீங்க?"

"ஏண்டி, பாட்டு நடக்கிற நேரத்துல..." என்று அக்கா தொடங்குவதற்குள் கூட்டம் பிடித்துக்கொண்டது.

"சுருதி சேரலைம்போம்!"

"அபசுரம்!"

"தகர டப்பா!" என்றார் பல் மருத்துவர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சரி, என் திரையும் சுவரும் மாதிரி இருந்தா?" என்று பேக்கரிக்காரி கேட்டாள். "பச்சைச் சுவருக்கு ஊதாத் திரை வாங்கிட்டாரு என் வீட்டுக்காரர்."

"அதுக்குப் பொருந்தாததுன்னு சொல்லணும். திரையையா, உங்க வீட்டுக்காரரையா?" என்றார் தபால்காரர்.

அவள் எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிட்டது. அந்த அமளியில் யாரைப் பாட வைக்க இருந்தோம் என்பதே அக்காவுக்கு மறந்துபோனது. தேநீருக்கு விட்டுவிட்டாள்.

படிக்கட்டில் ஒற்று அவளுக்காகக் காத்திருந்தார். பத்து நாளுக்குப் பிறகு சீட்டில்லாமல் வாயைத் திறந்தார்.

"அந்தக் குரல் என்னோடதுதான் மேடம்."

"தெரியும் சார்."

"மூணு வாரமா வர்றேன். கூட்டத்தோட கூட்டமா நின்னு பாடினா ஒரு சந்தோஷம். சுருதிதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது." அசடு வழியச் சிரித்தார். "ஒண்ணு கவனிச்சீங்களா? நாப்பது பேர்ல ஒருத்தர்கூட இசைவற்ற குரல்னு சொல்லலை."

'நான்தான் அன்றைக்கே சொன்னேனே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"கருத்துக்கு அது நல்லா வரும் சார். கூட்டத்தில் இசைவற்ற கருத்துகள் எழுந்தன. அந்த இடத்துல நீங்க அடிச்ச நாலும் அவ்வளவு எடுப்பா இல்லை."

"அப்படியா சொல்றீங்க?" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ குரலுக்குச் சுருதி சேராத, நிறத்துக்குப் பொருந்தாத, கருத்துக்கு இசைவற்ற. மூணையும் வெச்சுக்கலாம்."

"முரண்பட்ட?"

"அதையும் வெச்சுக்குங்க. தகர டப்பா மட்டும் வேண்டாம்."

அங்கேயே படியில் உட்கார்ந்து, குறிப்பேட்டை முழங்காலில் வைத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் எழுதி முடித்தார்கள். குரலுக்கான வாக்கியத்தை அவரே சொன்னார்: 'சுருதி சேராத குரலில் அவர் பாடினாலும், குழு அவரை விட்டுக்கொடுக்கவில்லை.'

"விட்டுக்கொடுப்பாங்களா மாட்டாங்களான்னு இன்னும் தெரியலையே சார்?"

"நீங்க உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார் ஒற்று, குரலைத் தாழ்த்தி.

சொன்னாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த வாரம் அவரைத் தபால்காரருக்குப் பக்கத்தில், அவர் பாடுவது நேரே காதில் விழும்படி நிறுத்திவைத்தாள். தபால்காரருக்கோ சங்கு ஊதுவது போன்ற குரல். அதைப் பிடித்துக்கொண்டு ஒற்று நான்கில் மூன்று அடிகளைச் சரியாகவே பாடினார். நான்காவது அடி வரும்போது வாயை மட்டும் அசைத்தார்.