எழுந்துக்கவே மனசு வராது

1

சோபா வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. சோபா கிடைக்கவில்லை. "சோபா வாங்கப் போனீங்களா, கதை வாங்கப் போனீங்களா?" என்று என் மனைவி பூர்ணிமா இன்றும் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். கதையையாவது ஒழுங்காகக் கொண்டுவந்தேனா என்றால் அதுவும் இல்லை. இரண்டு வரி எழுதியதும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன். உட்காருவதைப் பற்றிய கதையை உட்கார்ந்து எழுத முடியாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையைப் பார்த்தபடி, கண்ணாடிச் சுவருக்குப் பின்னே மேகங்களைப் போல வீற்றிருந்தன அந்த…"

வீற்றிருக்கவில்லை. கிடந்தன. அடித்துவிட்டேன்.

2

கடை அருளானந்தத்துடையது. தொடங்கியவர் அவர்தான். மரம் பார்ப்பது, தோல் வாங்குவது, வந்தவர்களோடு வாயடிப்பது எல்லாம் இன்னும் அவர்தான். மகள் ஜெர்லின் வடிவமைப்பு படித்துவிட்டு வந்து அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். [முதல் வரைவில் ரெக்ஸ் என்று ஒரு மகனும் இருந்தான். அவனுக்குக் கதையில் வேலை இல்லாததால் பாரிசுக்கு அனுப்பிவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர்க் கதைகளில் அப்படி ஒரு வசதி உண்டு.]

இவர்கள் செய்வதெல்லாம் இந்தக் காலத்துச் சோபாக்கள். கால் குட்டை, மெத்தை ஆழம், முதுகு தாழ்வு. ஒற்றை ஆள் உட்காரும் கைச்சோபாவை மட்டும் அருளானந்தம் பிரெஞ்சில்தான் சொல்வார். "ஆர்ம்சேர்னு சொல்லாதீங்க சார். இது ஃபொத்தேய். எங்க வூட்ல அந்தக் காலத்துலேர்ந்து அப்பிடித்தான்."

புது மாடல் எது வந்தாலும் முதலில் உட்காருவது அவர் மனைவி பெர்னதெத். உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள், விற்பார்கள். பட்டறையில் இதற்கு ஞானஸ்நானம் என்று பெயர். அந்தக் கணக்கில் கடையில் கிடக்கும் எல்லாச் சோபாக்களுக்கும் பெர்னதெத்தான் ஞானத்தாய். (பங்குச் சாமியாருக்கு இது தெரியாது.)

கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: எழுந்துக்கவே மனசு வராது. முதல் சோபாவில் உட்கார்ந்து பெர்னதெத் சொன்ன வார்த்தையாம். அருளானந்தம் அதைச் சொல்லாமல் யாரையும் வெளியே விடுவதில்லை. என்னையும் விடவில்லை.

3

துணி மாதிரிகள் எடுத்துவர அவர் உள்ளே போனார். மூலையில் ஒரு ஃபொத்தேயில், மடியில் கைப்பையோடு ஓர் அம்மா இருந்தார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரு வர்றதுக்குள்ள கொஞ்சம் கை குடுங்க."

கொடுத்தேன். முன்னும் பின்னும் ஆடி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். முதலாளியின் மனைவி என்று அப்போதுதான் புரிந்தது.

"அவுரு சொன்னாருன்னு ஒக்காந்துட்டேன். முட்டி தேஞ்சி போச்சி. சாதா சேர்னா எழுந்துடுவேன். இதுல இடுப்பு கீழ போவுது, முட்டி மேல வருது. எப்பிடி எழுந்துக்கறது?"

"வாசல்ல எழுதியிருக்கறது நீங்க சொன்னதுன்னு அவர் சொன்னாரே?"

"அன்னிக்கும் எழுந்துக்க முடியல. எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. இன்னா சொல்றது? எழுந்துக்கவே மனசு வரலன்னேன். அவுரு கண்ணுல தண்ணி வந்துடிச்சி. அப்பறம் பாத்தா போர்டுல எழுதி மாட்டிட்டாரு."

"வீட்ல?"

"வூட்லயும் கூடம் பூரா இதான். நான் சமையல்கட்டுல பிளாஸ்டிக் சேர் போட்டுக்குவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. [இந்த வாக்கியம் கொஞ்சம் சாமர்த்தியமாக இருக்கிறது. அதனாலேயே இதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.]

4

வீட்டுக்கு வந்ததும் பெர்னதெத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒருவர் இதை மறைக்க முடியுமா? முட்டிக்குத் தைலம் போட்டால் வீடே மணக்காதா? சோபா செய்கிற புருஷனுக்கு, சோபா வரைகிற மகளுக்கு, அம்மா வீட்டில் ஒரு நாளும் சோபாவில் உட்காருவதில்லை என்பது கண்ணில் படாதா? வாசகர் நம்பமாட்டார்.

பூர்ணிமாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "எனக்கு எந்தத் தோள் வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியவில்லை. சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5

பெர்னதெத்தை மறுபடி பார்த்தது பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் பக்கம். சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் ஓரமாக வந்தார்.*

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி ஷோரூம்ல ஞானஸ்நானம். வீடியோல்லாம் எடுக்கறாங்க. ஜெர்லின் தனியா போட்ட மொத மாடல்."

"எப்படிம்மா இருக்கு?"

"மத்ததுலல்லாம் எப்பிடியோ சமாளிச்சிட்டேன். இது இன்னும் பள்ளம்."

"ஜெர்லின்கிட்ட சொல்லிடுங்களேன்."

"எப்பிடி சொல்றது? ராத்திரி பகலா ஒக்காந்து வரைஞ்சா. நான் சொல்ற வார்த்தய வெச்சித்தான் பேரு வெப்பேன்னு சொல்லிக்கினு திரியறா. வாய்ல இன்னா வருமோன்னு பயமா இருக்குது." கூடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க வந்து முன்வரிசையில ஒக்காருங்க தம்பி. நான் பாப்பேன்."

கை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

* நிற்கும்போதும் நடக்கும்போதும் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. கூட்டத்தில் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிற வேகம். வீட்டார் ஏமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

பெர்னதெத் எல்லார் முன்னும் உண்மையைச் சொல்கிறார். ஜெர்லின் அழுதபடி அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள், சோபாவின் காலை உயர்த்துகிறாள், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. படித்துப் பார்த்தால் கடை விளம்பரம்.

எழ முயன்று விழுகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவரைப் பிடித்துப்போய்விட்டது.

நான் ஓடிப்போய்க் கை கொடுக்கிறேன். வீடியோவில் பதிவாகிறது. "இவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஜெர்லின் கேட்கிறாள். தன்னிடம் சொல்லாததை அம்மா எவனோ ஒருவனிடம் சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும் நேரம், விழுவதைவிட மோசம். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் முகத்தை எப்படி…

நான் போகவே இல்லை. வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சரளமாக வருவது இது ஒன்றுதான்.

7

ஆகவே நீங்கள் போங்கள்.

முன்வரிசையில் நடைவழியை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருக்கும். எனக்காகப் போட்டது. பெர்னதெத் பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு வந்து புது ஃபொத்தேயில் உட்காருகிறார். உட்காருகிறார் என்பதைவிட உள்ளே போகிறார். ஜெர்லின் பக்கத்தில் மண்டியிட்டு, "எப்பிடிம்மா இருக்குது?" என்கிறாள்.

"நல்லா இருக்கும்மா."

எல்லாரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள். வரவில்லை. அருளானந்தம் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, எழுந்துக்கவே மனசு வரல" என்று சிரிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. ஜெர்லின் தட்டவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்பது மெத்தையின் தையலையா, அம்மாவின் முட்டியையா என்று என்னால் சொல்ல முடியாது. நான் வீட்டில் இருக்கிறேன், பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

பெர்னதெத் இரண்டு கையையும் ஊன்றுகிறார். கைப்பிடித் தோல் வழுக்குகிறது. மறுபடி ஊன்றுகிறார். பிறகு முன்வரிசையில் என்னைத் தேடுகிறார். என் நாற்காலியில் உங்கள் முகம்.

உங்கள் கைகள் இரண்டும் இந்தப் புத்தகத்தைப் பிடித்திருக்கின்றன. அதை மூடாமல் ஒரு கையை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.